வேலூர்க் கோட்டையில் நூருக்கு ஒரு பலகை

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் திப்பு சுல்தானின் குடும்பத்தை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்தனர். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். திமிரியிலிருந்து கோட்டையைப் பார்க்கப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவ்வளவு தெரியும். பாடம் அத்தோடு முடிகிறது, வம்சம் முடியவில்லை.

அந்த வழியில் 1914-இல் மாஸ்கோவில் பிறந்தவர் நூர் இனாயத் கான். தந்தை இசைவாணரான சூஃபி ஞானி, தாய் அமெரிக்கர், வளர்ந்தது பாரிஸ் அருகே. குழந்தைகளுக்குப் புத்த ஜாதகக் கதைகளை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 1943 ஜூனில் பிரிட்டனின் ரகசியப் படை அவரை நாஜிகள் பிடித்திருந்த பிரான்ஸுக்கு வானொலி வழியே ரகசியச் செய்தி அனுப்புபவராக அனுப்பியது. அந்த வேலைக்கு அங்கே போன முதல் பெண் அவரே. சில நாட்களில் கூட்டாளிகள் வரிசையாகப் பிடிபட்டனர். திரும்பிவிடு என்றார்கள், மறுத்தார். வீடு வீடாக மாறிச் செய்தி அனுப்பினார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டார். தப்ப முயன்றதால் ஜெர்மன் சிறையில் சங்கிலி. 1944 செப்டம்பர் 13, டாக்காவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30.

திப்புவின் வாரிசு வெள்ளையருக்கு உழைத்தாரா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவசரத் தீர்ப்பு அது. இந்திய விடுதலையை ஆதரித்தவர்தான் நூர். நாஜிகள் ஆங்கிலேய ஆட்சியைவிட உடனடி ஆபத்தாக அவருக்குப் பட்டார்கள்.

லண்டன் கார்டன் சதுக்கத்தில் 2012 முதல் அவருக்குச் சிலை இருக்கிறது. வேலூர் திப்பு மகால் அருகே தமிழில் நான்கு வரிப் பலகை வைக்கத் தொல்லியல் துறைக்குப் பெரிய செலவாகாது.