அரைபடும் முன் ஒரு நாள் மேசைமேல்

எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஓர் எரிமலை இருக்கும். தெர்மாகோல் மலை, சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். பொங்கி வழிந்ததும் கைதட்டல். முந்தைய இரவு கண்விழித்து மலையை ஒட்டியவர் அப்பா என்பது நடுவருக்கும் தெரியும். அரியலூர் பக்கத்துப் பள்ளியிலும் இதே எரிமலைதான் என்றால் சிரிப்பதா, வருந்துவதா?

அந்தப் பிள்ளைகள் நிற்கும் மண் ஒரு காலத்தில் கடலடி. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே உள்ளே வந்து தங்கி, பிறகு பின்வாங்கியது. அது விட்டுப்போன பாறை அடுக்குகளை ஆராய்ந்து 1860களில் விவரித்த ஹென்றி பிளான்ஃபோர்டு, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார். நிலவியலாளர்கள் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் துப்பாக்கித் தோட்டா போலக் கிடப்பவை பெலெம்னைட் என்னும் கடலுயிரின் எச்சங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரமே கிடக்கிறது. 1940இல் அதை உலகுக்குச் சொன்னவர் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன்.

இந்த ஊர்களில் புவி அறிவியல் கண்காட்சி நடத்தச் சாயம் வேண்டாம், கல் போதும். சுண்ணாம்புக் கல்லைச் சுரண்டி அந்தப் பொடியில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரைக்கும். கருங்கல் பொடி சும்மா கிடக்கும். ஜிப்சத்தில் நகத்தாலேயே கீறல் போடலாம். குவார்ட்ஸ் கண்ணாடியையே கீறிவிடும். ஆற்று மணலில் காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் துகள்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். மணல், களிமண், செம்மண் மூன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, எது எவ்வளவு நேரத்தில் இறக்குகிறது என்று பார்த்தால் ஊர்க் கிணறு ஏன் வற்றுகிறது என்ற பேச்சு தானாக வரும். அங்கே ஒரு பாட்டியையும் உட்கார வைக்கலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது என்று அவர் சொல்லட்டும். சிமெண்டுக்குப் போகும் கல்லிலும் பழங்கடலின் சிப்பி இருப்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு எளிதானது ஏன் நடப்பதில்லை? பாறைப் பாடம் சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. கண்காட்சியோ அறிவியல் ஆசிரியரின் பொறுப்பு. இருவரும் நல்லவர்கள்தான், ஆனால் கல் இருவர் மேசைக்கும் வருவதில்லை. (பூமியின் வரைபடத்தைப் படிப்பதும் பூமியின் பாறையைப் படிப்பதும் நம் பேச்சில் ‘புவியியல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணமோ என்னவோ.) இருவரும் சேர்ந்து நடத்த வேண்டிய விழா இது. பக்கத்துக் கல்லூரியின் நிலவியல் மாணவர்கள் நான்கு பேர் வந்தால் ஆசிரியர்களுக்குப் பாதிச் சுமை குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொட்டுப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போவார்கள். வார இறுதியில் காரை ஓடைக்குச் சென்று பை நிறையத் தொல்லுயிர் எச்சங்களோடு திரும்பும் பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளைகளை மட்டும் குறைசொல்ல முடியாது. இடத்தை விட்டு நகர்த்திய எச்சம் தன் கதையில் பாதியை இழந்துவிடும். எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதைச் சொல்லும் சாட்சி. ஆகவே கண்காட்சிக்காக ஓடைகளில் பொறுக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பான விதியாகவே வைக்கவேண்டும்.

அப்படியானால் கல் எங்கிருந்து வரும்? சுரங்கத்திலிருந்து. சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் வெடிவைத்துப் பெயர்த்த கல், சிப்பி பதிந்ததாக இருந்தாலும், எப்படியும் அரவைக்குத்தான் போகிறது. அதில் ஒரு டிராக்டர் லோடை, நிலவியலாளர் ஒருவர் பார்த்து அரியவற்றை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கிய பின், பள்ளிக்கு அனுப்பலாமே. சிமெண்ட் ஆலைகளிடம் நாம் வழக்கமாகக் கேட்பது பெஞ்சும் வகுப்பறையும். இந்தக் கல்லுக்கு அவ்வளவு செலவும் இல்லை. ஆலையை எதிர்ப்பவர்களும் அங்கே வேலை செய்பவர்களும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். சுரங்கம் வேண்டுமா என்ற வாதம் ஒருபுறம் நடக்கட்டும். இந்த ஒரு லோடு கல்லில் இரு தரப்புக்கும் சண்டைக்கு இடமில்லை.

பிள்ளைகள் சுரங்கத்துக்குள் போகவேண்டாம். கல் பள்ளிக்கு வரட்டும். கொண்டுவரும் வண்டிக்கு ஊராட்சி பொறுப்பேற்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, எந்தச் சுரங்கத்தின் எந்த மட்டத்திலிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் பதிவேடு பள்ளி மேலாண்மைக் குழுவிடம் இருக்கட்டும். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. எரிமலை ஒட்டும் இரவு அவர்களுக்கு மிச்சமாகிறது.

தை மாதம் இதற்குத் தோதான காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. பொதுத்தேர்வுப் பரபரப்பு தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை கிடைக்கும். பரிசு, கேடயம் எதுவும் வேண்டாம். வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கல்லும் அரை மூடி எலுமிச்சையும் கொடுத்தால் போதும். முதலில் கலெக்டர் பிழியட்டும்.