குழாய்ச் சாமான்களின் தரம்

திருவண்ணாமலைப் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கிணற்று நீரே பெரும்பாலும் ஆதாரம். அந்நீரைக் கொணரும் பி.வி.சி. குழாய்களின் தரமோ கடைக்குக் கடை வேறுபடுகின்றது. 63 மில்லிமீட்டர் என்பது குழாயின் வெளி விட்டமேயன்றிச் சுவரின் கனமன்று. ஆகவே ஒரே அளவுள்ள இரு குழாய்களுள் ஒன்று சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தத்தையும், மற்றொன்று 10 கிலோவையும் தாங்குவதாயிருக்கலாம். நயமான விலையென்று மெல்லியதை வாங்கியவர், மேட்டு நிலத்துக்கு நீரேற்றுங்கால் அது பிளந்து, பயிர் வாடக் காண்பார். எல்போவும் டீயும் இறுகப் பொருந்தாவிடில் மோட்டார் இறைத்த நீர் வழியிலேயே வீணாகும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 4985-ஆம் தர விதி இவ்வழுத்த வகுப்புகளை வரையறுத்துள்ளது. ஐ.எஸ்.ஐ. முத்திரை, உரிம எண், அழுத்த வகுப்பு ஆகிய மூன்றையும் குழாயின்மீது பார்த்து வாங்குதல் அவசியம். வகுப்பை ரசீதில் எழுதித்தர மறுக்கும் வியாபாரியிடம் வாங்காதிருத்தலே நலம். வாங்குவோர் வற்புறுத்தினாலன்றி இவ்வியாபாரம் சீர்படாதென்பது எமது அபிப்பிராயம்.