பருமன் யார் குற்றம்?

பசியையும் நிவாரண அட்டையையும் பற்றிப் பேசிப் பழகிய நாம், இன்று உடற்பருமனைப் பற்றிப் பேச முனைவது சிலருக்குப் புதினமாக இருக்கலாம். “வீடு வளவை விட்டு வந்தவர்களுக்கு இதுவா கவலை?” என்று கேட்கவும் கூடும். ஆனால் கிளினிக் நாளில் கொப்பியுடன் வரிசையில் இருப்போரைப் பாருங்கள். சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் குளிசை எடுக்க வருபவர்களில் ஒரு காலத்தில் தோட்டம் செய்தவர்களும் உள்ளனர். “வாயைக் கட்டுங்கோ, நடவுங்கோ” என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை. அது பிழையான அறிவுரை அல்ல. ஆனால் பாதி உண்மை மாத்திரமே.

மறுபாதி எமது இடப்பெயர்வின் கதையில் இருக்கிறது. வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் பாத்தி கட்டி, தண்ணீர் மாறி, வெங்காயம் கிண்டி, புகையிலை நட்டு வாழ்ந்தவர்களுக்கு வேறு உடற்பயிற்சி தேவைப்படவில்லை. குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் வளவில் ஒடித்த முருங்கையிலையும் அன்றாட உணவாக இருந்தன. 1990இல் அந்த மண்ணை விட்டு வெளியேறிய நாளில் வேலையும் போயிற்று, உணவும் போயிற்று. நலன்புரி நிலையங்களில் நிவாரணமாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்பனவே. அவை உயிரைக் காத்தன. அதை நாம் மறக்கவில்லை. ஆயினும் ஆபத்துக் காலத்து உணவு நாளடைவில் அன்றாட உணவாகிவிட்டது. காலையில் பாண், பத்து மணிக்குப் பணிஸ், மாலையில் சீனி கூடிய தேத்தண்ணீரும் பிஸ்கற்றும். உழைப்புக் குறைந்த உடலில் இவை எங்கே போய்ச் சேரும்?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்து மக்கள் கடும் பட்டினிக்கு ஆளாகினர். அக்காலத்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். கருவுற்ற ஆரம்ப மாதங்களில் பட்டினியைக் கண்டவர்களிடையே பிற்காலத்தில் பருமனும் இருதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. கருவில் பஞ்சத்துக்குப் பழகிய உடல், பின்னர் கிடைப்பதைச் சேமித்து வைக்க முனைகிறது என்பர். பொருளாதாரத் தடைக் காலத்தில் பிள்ளை சுமந்த எமது தாய்மாரை எண்ணும்போது இச்செய்தி எமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

நிலம் கெட்டால் உடலும் கெடும் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள நவுறு என்னும் சிறுதீவு சாட்சி. பொசுபேற்று அகழ்வதற்காக அத்தீவின் பெரும்பகுதி தோண்டப்பட்டது. விளைநிலம் போனபின் மக்கள் கப்பலில் வந்த மாவையும் அரிசியையும் ரின் இறைச்சியையும் உண்டனர். இன்று உலகில் பருமன் மிகக் கூடிய நாடுகளில் அதுவும் ஒன்று. அம்மக்கள் திடீரெனப் பெருந்தீனிக்காரர் ஆகிவிட்டார்களா? இல்லை. அவர்களுடைய மண் மாறியது. அதனால் உணவும் மாறியது.

அப்படியாயின் அரசின் கொள்கையால் இதைக் குறைக்க முடியுமா? ஓரளவு முடியும் என்பதே எமது கருத்து. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளங்கள் கட்டாயமாக்கப்பட்டன. 2017 நவம்பரில் சீனிக்கேற்ற வரி விதிக்கப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே அது குறைக்கப்பட்டது. மெக்சிக்கோவில் 2014இல் லீற்றருக்கு ஒரு பெசோ வரி வந்த முதலாண்டில் இனிப்புப் பானம் வாங்குவது ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. பிரித்தானியாவில் 2018இல் வரி நடைமுறைக்கு வருமுன்னரே கம்பனிகள் பல தமது பானங்களில் சீனியைக் குறைத்தன. ஆகவே வரி பயனற்றது என்று சொல்ல இடமில்லை.

ஆனால் வரி சோடாவைக் குறைக்குமே தவிர, கீரையைக் கோப்பையில் இடாது. மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் அதை விற்ற காசில் பாணும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், பிழை அவரிடம் மட்டும் இல்லை. மலிவானதும் வயிற்றை நிரப்புவதும் அதுவே. 2009க்குப் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. எனினும் பலாலியைச் சூழவுள்ள காணிகளில் ஒரு பகுதி இன்றும் படையினர் வசமே உள்ளது. திரும்பக் கிடைத்த காணிகளிலும் பல பற்றை மூடிக் கிணறு தூர்ந்த நிலையில் கிடைத்தன. காணியை மீளக் கொடுப்பதும், கிணற்றைத் திருத்த உதவுவதும், குரக்கனுக்கும் சாமைக்கும் நியாய விலை கிடைக்கச் செய்வதும் சுகாதாரக் கொள்கையே என்று நாம் கூறுகிறோம். இவற்றை விவசாயத் திணைக்களத்தின் வேலை என்று சுகாதாரத் துறையினர் ஒதுக்கிவிடக்கூடாது.

அதுவரை நாம் கைகட்டி இருக்கவும் முடியாது. ஒரு அளவுநாடா எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். தெற்காசியரான எமக்கு ஆண்களில் 90 சென்ரிமீற்றரும் பெண்களில் 80 சென்ரிமீற்றரும் எல்லை. அதைக் கடந்தால் குருதியில் சீனியைப் பரிசோதிப்பது நல்லது. 400 மில்லிலீற்றர் மென்பானத்தில் நூறுக்குப் பத்துக் கிராம் வீதம் 40 கிராம் சீனி, அதாவது சுமார் பத்துத் தேக்கரண்டி, உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காணி இல்லாத வீட்டிலும் பழைய உரப்பையில் வல்லாரையும் பசளியும் வளரும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கொழுகொழு என்றிருக்கும் பிள்ளையே சுகமான பிள்ளை என்ற எண்ணத்தையும் கைவிடுவோம்.

பருமனானவரைப் பரிகசிப்பதால் ஒரு கிலோவும் குறையப்போவதில்லை. இழந்தது மண்; அதன் சுமையை உடல் தாங்கி நிற்கிறது. காணி கேட்டு மனுக் கொடுக்கும்போது, எமது உடல்நலத்தையும் திருப்பிக் கேட்கிறோம் என்று அதில் ஒரு வரி சேர்த்து எழுதுவோம்.