ஏட்டின் கடைசி வரிசை

கணக்கும் பெயர்ப்பட்டியும் பேரேட்டை விட்டு எக்ஸெல் தாளிற் குடியேறிப் பல்லாண்டுகள் ஆயின. அத்தாளில் மாக்ரோ எழுதப் புகும் மாணாக்கர்க்கு முதற்கண் எதிர்ப்படும் வினா, தரவு எவ்விடத்து முடிகின்றது என்பதே. இதனை அற்பமென்பார் பலர். நாம் அங்ஙனம் எண்ணுகின்றிலோம்.

மேலிருந்து தொடங்கி, வெறுங்கட்டம் காணுமளவும் ஒவ்வொன்றாய்ச் சோதித்துச் செல்வதே பலர் கையாளும் வழி. அதிலுள்ள தாமதத்தையேனும் பொறுக்கலாம். இடையில் ஒரு கட்டம் வெறுமையாயிருப்பின் மாக்ரோ அதனையே முடிவென்று கொண்டு நின்றுவிடும், கீழுள்ளார் பெயர் கணக்கில் ஏறா, எச்சரிக்கையும் எழாது. 'எண்ட்' கட்டளையைக் கீழ்நோக்கி ஏவினால் தாமதம் நீங்குமேயன்றி இக்குற்றம் நீங்காது. தலைப்பு மாத்திரம் உள்ள தாளிலோ அது 10,48,576-ஆம் வரிசைக்கே பாய்ந்துவிடும்!

ஆதலின் அடியினின்று மேல்நோக்கி வருதலே தக்கதென்பது நமது துணிபு. 'ரோஸ்.கவுண்ட்' காட்டும் கடைசி வரிசையில் நின்று 'எண்ட்' கட்டளையை 'எக்ஸ்எல்அப்' திசையில் ஏவுக. நிரம்பிய கடைசிக் கட்டம் ஒரே தாவலிற் கைப்படும். தேர்ந்துகொள்ளும் நெடுவரிசை எவரும் நிரப்பாமல் விடாததாய் இருத்தல் வேண்டும். பதிவெண் உத்தமம், 'குறிப்பு' ஆகாது. வடிகட்டி மறைத்த வரிசைகள் இதற்குப் புலப்படா. ஆகையால் வடிகட்டலை முன்னரே நீக்குக. 'யூஸ்ட்ரேஞ்ச்' என்பதோ வெறுமனே வண்ணந் தீட்டிய கட்டத்தையும் தரவாக எண்ணும். அதனை நாம் நம்புவதில்லை.

ரோஸ்.கவுண்டுக்குப் பதிலாக 65,536 என்று எண்ணையே எழுதிவைத்த பழைய மாக்ரோக்கள் இன்றும் உலவுகின்றன. எக்ஸெல் 2003 வரை தாளின் எல்லை அதுவே. எக்ஸெல் 2007-இல் அது 16 மடங்காயிற்று. இடைவெளியற்ற தரவு அவ்வெல்லையைக் கடந்திருப்பின், அம்மாக்ரோ நிரம்பிய கட்டத்தினின்று மேலே புறப்பட்டுத் தலைப்பிற் சென்று முட்டிக்கொண்டு, கடைசி வரிசை 1 என்று விடை பகரும்.

இவ்வெல்லை மனிதரையும் தீண்டியதுண்டு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளர் அன்றாடக் கணக்கில் ஏறாது போயினர். பழைய எக்ஸெல் வடிவக் கோப்பில் 65,536 வரிசைகளும் நிரம்பியபின் வந்தவை உதிர்ந்தமையே காரணமென்று செய்திகள் கூறின. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதித்தது, தொற்றோ காத்திருக்கவில்லை.

விடுதிக் கணக்கிற்கும் தேர்வுப் பட்டிக்கும் மாக்ரோ எழுதும் நண்பர்கள், மூலத்தில் எத்தனை பேர், முடிவில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டு, வேறுபடின் அங்கேயே நின்றுவிடும் கட்டளை ஒன்றையும் சேர்த்தெழுதுமாறு வேண்டுகின்றோம்.