பிள்ளைகளைக் கேட்காமல் வாங்கக் கூடாது

வளரும் நாடுகளின் அரசுப் பள்ளிகளுக்குக் கைக்கணினிகளும் கற்றல் செயலிகளும் மொத்தமாகக் கொள்முதல் செய்யப்படுகின்றன. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் பாடத் துணைகளும் வரத் தொடங்கிவிட்டன. விலை, திரையின் அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளிகள் வரிவரியாகக் கேட்கின்றன. அந்தக் கருவி உருவானபோது பிள்ளைகளைக் கேட்டார்களா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. பொதுப் பணமும் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக் காலமும் ஒருசேர வீணாகும் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பெரு நாட்டின் அனுபவம் கண்முன் இருக்கிறது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின் கீழ் அந்நாடு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கியது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் ஓரளவு ஏற்றம் தெரிந்தது. இணைய வசதியின்மையும் ஆசிரியர் பயிற்சிக் குறைவும் உடன் இருந்தன. பிள்ளைகளைக் கேட்காதது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், வகுப்பறையை அருகிருந்து பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை அது காட்டிவிட்டது.

அருகிருந்து பார்த்தவர்களுக்குப் பலன் கிடைத்ததும் உண்டு. 2000-களின் நடுவில் பெங்களூரு ஆய்வாளர்கள் சிலர் கிராமப் பள்ளிகளில் ஒரு காட்சியைக் கவனித்தார்கள். ஒரே கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள். மவுஸ் ஒரு பிள்ளையின் கையிலேயே இருந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரே திரையில் ஆளுக்கொரு மவுஸ், ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி என்று அவர்கள் மாற்றினார்கள். முந்துபவருக்கு வெற்றி என்று வைத்தபோது, பையன்கள் படிப்பதை விட்டுவிட்டு அவசரமாகக் க்ளிக் செய்தார்கள். எல்லோரும் ஒரே விடையை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த திரை என்று மாற்றிய பிறகு அந்த அவசரம் அடங்கியது. பிள்ளைகளோடு உட்காராமல் இதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கைப்பேசியில் ஆங்கிலம் கற்பிக்கும் விளையாட்டுகளை இந்தியக் கிராமங்களுக்காக வடிவமைத்த மற்றொரு குழுவும் இதையே உணர்ந்தது. மேலைநாட்டு வீடியோ கேம் பாணி பிள்ளைகளுக்கு ஒட்டாததால், அவர்கள் தெருவில் ஆடும் 28 விளையாட்டுகளை அக்குழு ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டது.

ஆனால், இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் ஆய்வோடு நின்றுவிடுகின்றன. கருவியை வாங்குவது துறை, பயன்படுத்துவது பிள்ளை. தயாரிப்பாளர் துறையைத்தான் திருப்திப்படுத்துகிறார். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பள்ளிக்குக் கொண்டுவந்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். ‘நல்லா இருக்கு சார்’ என்பதைத் தவிர அந்தப் பிள்ளையால் வேறென்ன சொல்ல முடியும்? இதைக் கருத்துக் கேட்பு என்று கோப்பில் எழுதுவது தவறு.

பயன்படுத்துபவர், சோதிப்பவர், தகவல் தருபவர், வடிவமைப்பில் கூட்டாளி எனப் பிள்ளைகளுக்கு நான்கு நிலைகள் உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர் அல்லிசன் ட்ரூயின் 2002-ல் வகுத்துக் காட்டினார். நம் பிள்ளைகள் முதல் நிலையிலேயே நிறுத்தப்படுகிறார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவு அவர்களுக்கு அளித்திருக்கிறது. இந்தியா அதை ஏற்றது 1992-ல். எனவே பிள்ளைகளைக் கேட்பது சலுகை ஆகாது, அரசின் கடமை.

பொறுப்பு, கொள்முதல் ஆணையில் கையெழுத்திடும் கல்வித் துறைகளையும் பணம் தரும் அமைப்புகளையும் சேர்ந்தது. வரைவுக் கட்டத்திலேயே பிள்ளைகளைக் கேட்க வேண்டும். முதல் மதிப்பெண் வாங்குபவர்களை மட்டும் கேட்டால் போதாது. எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைகளையும், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளையும், மவுஸ் கைக்கு எட்டாமல் பின்னால் நிற்கும் சிறுமிகளையும் கேட்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லப் பிள்ளைக்கும் உரிமை வேண்டும். அவர்களின் தகவல்கள் வணிகத்துக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் சொன்னது என்ன, அதனால் கருவியில் மாறியது என்ன என்பதைப் பொதுவில் வெளியிட வேண்டும். இவை நிறைவேறும் வரை எந்தக் கருவிக்கும் முழுத் தொகையை விடுவிக்கக் கூடாது. வரும் கல்வியாண்டுக்கான கொள்முதல் அறிவிப்புகளிலேயே இந்த நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்.