வேலிக்குள் ஒரு வரலாறு

முழங்கால் மண்ணில் பதியக் குனிந்து, பாத்தியிலே களை பிடுங்கிக்கொண்டிருக்கிறாரே, அவர் தோட்டக்காரர் அல்லர். அவருக்குப் பக்கத்தில் சருகைக் கூட்டி அள்ளுகிறவரும் நகராட்சியின் சம்பளப் பட்டியலில் இடம் பெற்றவர் அல்லர். கூலிக்கு வந்தவர்களல்லர்; குடியிருக்கும் தெருவிலிருந்து தாமாகவே கிளம்பி வந்தவர்கள். தென் இலண்டனில், ஓவல் சுரங்க இரயில் நிலையத்துக்கு அருகே உள்ள கென்னிங்டன் பூங்காவை இப்படிப் பேணி வருகிறது ஒரு தொண்டர் குழு. ‘கென்னிங்டன் பூங்காவின் நண்பர்கள்’ என்பது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர்.

களை பிடுங்கும் கதையா ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரை என்று கேட்பீர்கள், தோழர்களே! கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். புல்லுக்கு நடுவே முளைத்த களையை மட்டும் அவர்கள் எடுத்திருந்தால் நானும் எழுதுகோலை எடுத்திருக்கமாட்டேன். அந்தப் பூங்காவின் அடியிலே புதைக்கப்பட்டிருந்த ஒன்றையும் அவர்கள் தோண்டி எடுத்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூங்கா ஆவதற்கு முன் அது பொதுத்திடல். ஊரார் மாடு மேய்த்த இடம். பந்தாடிய இடம். 1739ஆம் ஆண்டில் ஜார்ஜ் விட்ஃபீல்டு என்னும் சமயப் போதகர், கோயில் கதவுகள் தமக்கு அடைக்கப்பட்டபோது, வானமே கூரையாக ஆயிரமாயிரம் ஏழையரிடையே பேசிய இடம். தூக்குமரம் நின்றதும் அங்கேதான்! அரசுக்கு எதிராக வாளெடுத்தோர் 1746ஆம் ஆண்டில் அங்கே கொல்லப்பட்டனர். கழுத்தில் கயிறு மட்டுமன்று. உடலைக் கூறுபோட்டு ஊருக்குக் காட்டிய கொடுமை அது. தூக்குமரம் நின்ற மூலையில் பின்னாளில் எழுந்தது புனித மாற்கு ஆலயம்.

இவ்வளவும் முன்னுரைதான். நாடகம் பின்னால் வருகிறது.

1848ஆம் ஆண்டு, ஏப்ரல் 10, திங்கட்கிழமை. அதற்கு ஆறு வாரம் முன்புதான் பிரெஞ்சு நாட்டு மன்னன் லூயி பிலிப் அரியணையை விட்டு ஓடி, இங்கிலாந்திலே அடைக்கலம் புகுந்திருந்தான். ஐரோப்பிய அரண்மனைகளில் உறக்கம் பிடிக்காத காலம். அந்த நேரத்தில், ‘கென்னிங்டன் திடலில் கூடுவோம், அங்கிருந்து ஊர்வலமாகச் சென்று நாடாளுமன்றத்தில் மனுக் கொடுப்போம்’ என்று அறிவித்தார்கள், சார்ட்டிஸ்டுகள் எனப்பட்ட சாசன இயக்கத்தார்.

எதற்காக மனு? ஆறே ஆறு கோரிக்கைகள். வயது வந்த ஆண் ஒவ்வொருவனுக்கும் வாக்கு வேண்டும். அந்த வாக்கை மறைவாகப் போட வேண்டும். உறுப்பினராக நிற்கச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதி ஒழிய வேண்டும். உழைப்பாளியும் உறுப்பினராக, ஊதியம் தர வேண்டும். தொகுதிகள் சம அளவில் அமைய வேண்டும். ஆண்டுதோறும் தேர்தல் வேண்டும். பெண்ணை மறந்தார்கள், அந்தக் குறை அவர்கள் கணக்கில் இருக்கத்தான் வேண்டும். மற்றபடி, ஆண்டுத் தேர்தல் ஒன்று நீங்கலாக, அன்று கேட்ட அனைத்தும் பின்னாளில் சட்டமாயின. மறைவு வாக்கு 1872இல். உறுப்பினர் ஊதியம் 1911இல். ஆடவர் அனைவருக்கும் வாக்கு 1918இல். நம்மை ஆண்ட அதே வெள்ளையர், சொத்துள்ளவனுக்கே வாக்கு என்ற விதியைக் கப்பலேற்றி இங்கும் கொணர்ந்தனர். அந்த விதி இங்கே தொலைந்து, நிலமற்றவனும் எழுத்தறியாதவனும் சாவடிக்குள் நுழைந்தது 1951-52 பொதுத்தேர்தலில்தான்.

மனுக் கொடுக்க வருகிறவர்களை எப்படி வரவேற்றார்கள் தெரியுமா? நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவிடம் தலைநகரின் காவல் ஒப்படைக்கப்பட்டது. படை வந்தது, பீரங்கி வந்தது, தேம்ஸ் ஆற்றுப் பாலங்கள் காவலுக்குள் வந்தன. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தனிக்காவலராகத் தடியேந்தினர். அவர்களுள் ஒருவன், பின்னாளில் பிரான்சின் பேரரசனாக முடிசூடிய லூயி நெப்போலியன்! விக்டோரியா அரசியார் இரு நாட்களுக்கு முன்பே வைட் தீவுக்குச் சென்றுவிட்டார். வந்தவர்கள் கையில் இருந்ததோ, கையெழுத்திட்ட காகிதம்!

திடல் நிரம்பியது. எத்தனை பேர்? பிரதமர் ரஸ்ஸல் பிரபு கணக்கில், மிஞ்சிப்போனால் பதினைந்தாயிரம். தலைவர் ஓ'கானர் கணக்கில் இலட்சங்கள். உண்மை நடுவிலே எங்கோ நின்றது. ஆளவந்தாரின் கணக்கும் மேடைக்காரரின் கணக்கும் எந்த நாட்டிலும் ஒத்துப்போனதாக நான் கேட்டதில்லை. ஆனால் அன்று ஒரு புதுமை நடந்தது. கில்பர்ன் என்பவர், அப்போதுதான் பரவிவந்த புகைப்படக் கருவியால் அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்தார். மக்கள் திரளைக் காட்டும் மிகப் பழைய புகைப்படங்களுள் ஒன்று அது. கறுப்புத் தொப்பிகளின் கடல், நடுவே மேடையாக நின்ற வண்டி, கொடிகள். அந்தப் படம் இன்றுவரை எங்கே இருக்கிறது? அரச குடும்பத்தின் சேகரிப்பில்! யாரைக் கண்டு அரசி ஊரைவிட்டு அகன்றாரோ, அவர்கள் படம் அவர் வீட்டுப் பெட்டியில்!

ஊர்வலம் பாலத்தைக் கடக்கக் கூடாது என்றது போலீஸ். ஓ'கானர் இணங்கினார். மனு மட்டும் வாடகைக் குதிரை வண்டிகளில் ஏறி நாடாளுமன்றம் போயிற்று. 57 இலட்சம் கையெழுத்து என்றார் அவர். எழுத்தர்கள் எண்ணி, 19,75,496 என்றார்கள். அரசியார் பெயரிலே போலிக் கையெழுத்தும் கண்டெடுத்தார்கள். அவை சிரித்தது. எழுத்தர்கள் எண்ணியதே பத்தொன்பது இலட்சத்துக்கு மேல் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கணக்கைப் பெருக்கிச் சொல்லி எதிரியின் கையில் கேலியைக் கொடுத்தது ஓ'கானரின் பிழை. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஊர்வலத்தைக் கைவிட்டதை ஏற்காது அத்திடலிலேயே குமுறியவர் ஒருவர் உண்டு. ஐந்தடி உயரமும் எட்டாத உருவம், அறுபதை நெருங்கிய வயது, தொழில் தையல், நிறம் கறுப்பு. வில்லியம் கஃபே என்பது பெயர். செயின்ட் கிட்ஸ் தீவில் அடிமையாய் இருந்து விடுபட்டவரின் மகன். இங்கிலாந்தின் சாத்தம் நகரில் பிறந்தவர். 1834இல் தையற்காரர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்து வேலை இழந்தவர். அந்நாளைய ஊர்வலக் குழுவுக்குத் தலைவர் அவர். ‘பாலத்துக்கு அக்கரையிலிருக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதா, இக்கரைக்கு அழைத்து வந்து அடைத்துவிட்டீர்களே’ என்பது அவர் ஆத்திரத்தின் சாரம். சில மாதங்களில் உளவாளியின் சாட்சியத்தால் வழக்கு. ‘எனக்குச் சமமானவர்களைக் கொண்டு என்னை விசாரியுங்கள்’ என்று மன்றத்திலே கேட்டார் அந்தத் தையற்காரர். கிடைத்தது நாடுகடத்தல். டாஸ்மேனியாத் தீவுக்குப் போனார்; 1856இல் மன்னிப்பு வந்தும் அங்கேயே தங்கினார்; அங்கும் உழைப்பாளர் உரிமைக்கே குரல் கொடுத்தார்; 1870இல் ஏழையர் விடுதியில் இறந்தார். நாடகம் எழுதுகிறவன் நான். இப்படி ஒரு பாத்திரத்தைக் கற்பனையில் படைத்திருந்தால், மிகைப்படுத்திவிட்டான் என்றுதான் சொல்வார்கள்.

இனித்தான் வேலி வருகிறது. 1852இல் சட்டம், 1854இல் பூங்கா. ஊராரின் திடல் அரசுப் பூங்கா ஆயிற்று. சுற்றிலும் கம்பி, வாயிலிலே கதவு, உள்ளே காவலர். திடல் சீர்கெட்டுக் கிடந்தது, நாற்றமடித்தது, ஆகவே அழகுபடுத்தினோம் என்றார்கள். பொய்யென்று சொல்லமாட்டேன், அருகே அமிலத் தொழிற்சாலை இருந்தது, சாக்கடை ஓடியது, உண்மைதான். ஆனால் நூறாண்டு நாறியபோது வராத அழகுணர்ச்சி, மக்கள் கூடிய நாலே ஆண்டில் பொங்கி வந்ததே! அதற்கு மூக்கு மட்டும் காரணம் என்று நம்ப என்னால் முடியவில்லை. வாக்குரிமை கேட்ட இடத்திலே, உழைப்பாளருக்கான மாதிரி வீடு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். அரசியின் கணவர் ஆல்பர்ட்டின் ஆதரவில் 1851ஆம் ஆண்டுப் பெருங்காட்சிக்காகக் கட்டிய வீடு அது. இன்றும் நிற்கிறது.

பூ மலர்ந்தது, புல் வளர்ந்தது, மறதியும் வளர்ந்தது. 1940ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று அதே பூங்காவில் இன்னொரு கொடுமை. குண்டுமழைக்கு அஞ்சி அங்கே வெட்டிய பதுங்கு குழிகளிலே தங்கியிருந்தனர் சுற்றுப்புறத்து மக்கள். குழிமீதே விழுந்தது குண்டு. நூறு பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்கிறார்கள். எடுக்க முடிந்தவை 48 உடல்கள். மற்றவர்கள்? அந்தப் புல்லுக்கு அடியிலேயே! போர்க்காலமாதலின் செய்தி அமுக்கப்பட்டது. போர் முடிந்தது; ஆட்சிகள் மாறின; அங்கே ஒரு கல் நடவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது, களை பிடுங்கியவர்களுக்கு! மாண்டோர் பெயர்களைத் தேடினார்கள். 2006ஆம் ஆண்டில், அறுபத்தாறு ஆண்டு கழித்து, அவர்களுக்கு நினைவுக்கல் எழுந்தது. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் மாயா ஏஞ்சலோவின் வரிகளைத் தாங்கி நிற்கிறது அது. 1848இன் கூட்டத்தையும் அவர்கள் விடவில்லை. 2018இல், அந்நாளின் 170ஆம் ஆண்டில், சாசன இயக்கத்தாரைப் பூங்காவிலேயே நினைவுகூர்ந்தார்கள். வருகிறவர்களை அழைத்துக்கொண்டு நடந்து, இங்கே கூடினார்கள், இங்கே வேலி வந்தது, இங்கே மாண்டார்கள் என்று காட்டுகிறார்கள். புல்லை வெட்ட நகராட்சியிடம் இயந்திரம் உண்டு. இதற்கு இயந்திரம் ஏது?

அந்த வேலியும் என்றைக்கும் வெல்லவில்லை. 1990ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று, தாட்சர் அம்மையாரின் தலைவரியை எதிர்த்து ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் திரண்ட பேரணி, அதே கென்னிங்டன் பூங்காவிலிருந்துதான் கிளம்பிற்று. இம்முறை ஆற்றைக் கடந்தது. கலவரத்தில் முடிந்தது என்பதும் உண்மை. அந்த நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். தலைவரியும் பின்னர் ஒழிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பெருமூச்சு விட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓர் ஊரில் பொதுக்கூட்டம். இரவு ஒன்றரை மணி நேரம் பேசினேன், கைதட்டலுக்குக் குறைவில்லை. மறுநாள் காலை, மேடையில் மறந்து வைத்த குறிப்பேட்டைத் தேடித் திடலுக்குப் போனேன். கிழிந்த தோரணம், மிதிபட்ட துண்டறிக்கை, தேநீர்க் குவளை, பந்தற்கால் நட்ட குழிகள். நடுவே வயதான அம்மையார் ஒருவர் தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“நேத்து நீங்கதான் பேசினீங்களா தம்பி? நல்லாப் பேசினீங்க. கொஞ்சம் காலத் தூக்குங்க” என்றார்.

தூக்கினேன். குப்பையைத் தள்ளிக்கொண்டே, திடலின் கோடியிலிருந்த புளியமரத்தைத் துடைப்பத்தால் காட்டினார். “வெள்ளக்காரன் காலத்துல இங்க கூட்டம் கேக்க வந்ததுக்கு, எங்க தாத்தாவ அந்த மரத்தடியிலதான் போட்டு அடிச்சாங்களாம். எங்க அம்மா சொல்லும்.”

அந்தத் திடலில் நான் பேசியது அதோடு ஆறாவது முறை. கிரேக்கத்தையும் உரோமையும் பேசியிருக்கிறேன், புளியமரத்தைப் பேசியதில்லை. எங்கள் கிளைத் தோழர் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தாத்தாவின் பெயரைக் கேட்டு, காலடியில் கிடந்த துண்டறிக்கை ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு, பந்தற்கால் குழிகளை மூட அம்மையாருக்குக் கைகொடுத்தேன். பதினொரு குழிகள் இருந்தன.