இரட்டையர் வீட்டு இரவு



இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிற எல்லோரும் தவறாமல் கேட்பது, “ரெண்டுக்கும் பால் பத்துதா?” என்றுதான். அக்கறையோடுதான் கேட்கிறோம். ஆனால் விடிய விடிய விழித்திருக்கும் பெண்ணின் மனதில் அது தைத்துவிடுகிறது. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோமே!

பிள்ளைகள் குடிக்கக் குடிக்கப் பால் சுரக்கும். முதல் வாரம் கடந்தபின் நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். எடை ஏறாமல் மருத்துவர் வேறு பால் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். அதனால் எந்தத் தாயும் குறைந்துவிடுவதில்லை.

பச்சைக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். இரண்டுக்கும் தனித்தனியே கொடுத்தால் 16 முதல் 24 முறை! தாய் எப்போதுதான் கண்ணை மூடுவாள்? ‘தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே’ என்பார்கள் பெரியவர்கள். இரட்டையர் விஷயத்தில் அதை நான் ஏற்கமாட்டேன். ஒன்று பசிக்கு விழித்தால் மற்றதையும் எழுப்பிக் கொடுத்துவிடுங்கள். இரட்டையர் பலர் 37 வாரம் நிறையும் முன்பே, எடை குறைவாகப் பிறக்கிறார்கள். பசித்தாலும் அழத் தெம்பில்லாமல் தூங்கிப்போகும் பிள்ளைகள் அவர்களில் உண்டு. மருத்துவர் போதும் என்னும் வரை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

இரு பக்கமும் தலையணை வைத்து, பிள்ளைகளின் கால்கள் தாயின் முதுகுப்பக்கம் போகும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டால், இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பால் கொடுக்கலாம். பழகும் வரை பிள்ளைகளைத் தூக்கிக் கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? பெரும்பாலும் அம்மாவின் அம்மா. அவருக்கும் வயதாகிறது, முழங்கால் வலிக்கிறது. அப்பா எங்கே? “காலையில் வேலைக்குப் போகணும்” என்று அடுத்த அறையில் படுத்திருக்கிறார். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. சங்கடம் புரிகிறது. ஆனால் தாய்க்கும் காலையில் வேலை காத்திருக்கிறது. ஏப்பம் விடச் செய்ய, ஈரத்துணி மாற்ற, தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைக்க அப்பாவால் முடியும். படுக்கப்போகும் முன் தாய் பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால், ஒரு வேளையை அவரே பாலாடையில் புகட்டிவிடலாம். அவளுக்கு நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூக்கம் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பிள்ளைகளை மல்லாக்க, தனித்தனியாகப் படுக்க வையுங்கள். சோபாவிலோ நாற்காலியிலோ பிள்ளையை மார்போடு அணைத்தபடி கண்ணயர்வது ஆபத்து.

பிள்ளைகள் தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், பிள்ளைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விடாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நடுராத்திரி என்றாலும் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்